விளங்கிற்று என்று யார் சொல்வது

இந்தக் கதையை நான் பல வருடங்கள் நம்பவில்லை. இப்போதாவது முழுதாக நம்புகிறாயா என்று கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் யோசிப்பேன்.

எனக்கு இதைச் சொன்னவன் பொன்னுரங்கம். என் வயதுக்காரன். கோயில் திருவிழாக்களில் கதை சொல்பவன். நான் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். அவன் சொன்னால், பிள்ளைகளைக் கூப்பிட வந்த தாய்மாரும் உட்கார்ந்துவிடுவார்கள். அவன் கதையில் ஓர் இடம் எனக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. எந்த இடம் என்று இப்போது சொல்ல மாட்டேன். அது வரும்போது நீங்களே நிமிர்ந்து உட்காருவீர்கள். சரி, கேளுங்கள்.

மலைகளுக்குப் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. மருதங்குன்றம் என்று ஒரு சிறு நாடு. குன்றவேள் என்ற அரசன் அதை ஆண்டான். அவன் படை சிறியது, அரண்மனை சிறியது, மீசைகூடச் சிறியதுதான். ஆனால் அவனுடைய வழக்கு மன்றம் பெரியது. பக்கத்து நாட்டார்கூடத் தங்கள் சண்டையை மூட்டை கட்டிக்கொண்டு அங்கே வந்தார்கள்.

அந்த நாட்டில் ஒரு சொல்லுக்குக் காவல் இருந்தது. சந்தையில், வயலில், அடுப்படியில் மக்கள் ‘கேட்டேன்’ என்பார்கள், ‘தெரிந்தது’ என்பார்கள், ‘சரி’ என்பார்கள். ‘விளங்கிற்று’ என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அது மன்றத்துச் சொல். மன்றத்திலும் கேட்டவன் அதைத் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. சொன்னவன் கொடுக்க வேண்டும்.

எப்படிக் கொடுப்பது? வழக்கம் இதுதான். ஒருவனை எதிர்த்துப் பேசுமுன், அவன் மேலாடையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். அவனாகவே நின்று, ‘நான்’ என்று தொடங்கி, அவன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து, ‘நான் சொன்னது உம்முடையதுதானா?’ என்று கேட்க வேண்டும். அவன் ‘ஆம், என் சொல்’ என்றால் ‘விளங்கிற்று’ என்று சொல்லலாம். பிறகு எதிர்த்துப் பேசலாம். ‘இல்லை’ என்றால் மறுபடி சொல்ல வேண்டும். மூன்று முறை பொறுப்பார்கள். மூன்றிலும் தவறினால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒருமுறை ஓர் எருமை எள் வயலில் புகுந்து மேய்ந்துவிட்டது. எள்ளுக்காரன் எருமைக்காரனின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “நான் சோம்பேறி. எருமையைக் கட்டவில்லை” என்றான். எருமைக்காரன், “இல்லை” என்றான். “நான் திருடன். வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டேன்.” “இல்லை.” எள்ளுக்காரன் நெடுநேரம் தலையைச் சொறிந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “என் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். அன்று வலி எடுத்தது. எருமையை மறந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, உன் வேலிதான் சரியில்லை என்று கத்தினேன்.” எருமைக்காரன் தலை குனிந்து, “ஆம், என் சொல்” என்றான். அதன்பிறகு அந்த வழக்கில் தீர்க்க அதிகம் இருக்கவில்லை.

இப்படிப்பட்ட மன்றத்தில் வெண்காடன் என்று ஒரு வழக்கறிஞன் இருந்தான். ஐம்பதைத் தாண்டியவன். எந்த ஊர் வழக்கு, எந்தக் குளத்துத் தண்ணீர், எந்தப் பாட்டன் எந்தப் பாட்டனை அடித்தான், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். மன்றத் தலைவர் கிழடாகிவிட்டார். அரசனின் வலப்பக்கத்தில் இருந்த அந்தத் தலைமை இருக்கை தனக்குத்தான் என்று அவன் இளமை முதல் நினைத்திருந்தான். ஊரும் அப்படியே நினைத்தது.

அப்போது கடற்கரை நாட்டிலிருந்து அழிசி வந்தான்.

அழிசி நன்றாகப் பேசினான். அது முதல் குற்றம். அழிசி பேசினால் அரசன் முன்னே சாய்ந்து கேட்டான். அது இரண்டாம் குற்றம். அழிசியைப் பார்த்து வாயில்காவலன்கூடச் சிரித்தான். இத்தனை வருடத்தில் அவன் வெண்காடனைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. இந்த மூன்றாம் குற்றத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வெண்காடன் அழிசியைக் கவனிக்கத் தொடங்கினான். அவன் எப்போது எழுகிறான், எந்தத் துறையில் குளிக்கிறான், சோற்றுக்கு மீன் இருந்தால் எத்தனை கவளம், இல்லாவிட்டால் எத்தனை கவளம் என்பதுவரை அறிந்துவைத்தான். மேலாடையை அவன் போடும் விதத்தையும் கவனித்தான். மற்றவர்கள் கரை வெளியே தெரியப் போட்டார்கள். அழிசி கரையை உள்பக்கம் மடித்துப் போட்டான். “கடற்கரை ஒய்யாரம்” என்று வெண்காடன் பல்லைக் கடித்தான்.

அழிசி பேசும்போதெல்லாம் வெண்காடனின் விரல் தன் மேலாடைக் கரைக்குப் போகும். ஒரு நூலைப் பிடிக்கும், இழுக்கும். பேச்சு நன்றாக இருந்தால் இரண்டு நூல். அரசன் சிரித்துவிட்டால் ஒரு கொத்து. வீட்டில் அவன் மனைவி பூதி, கரை தொங்கும் ஆடைகளைத் தூக்கிப் பார்ப்பாள்.

“எலி கடித்ததா, அழிசி பேசினானா?” என்பாள்.

“சும்மா இரு.”

“அவன் தும்மினால் உங்களுக்குக் காய்ச்சல் வருகிறது. நான் எப்படிச் சும்மா இருப்பது? நூற்பவள் நானல்லவா?”

“உனக்கு ஒன்றும் தெரியாது. அவனை எனக்கு நன்றாக விளங்கும்.”

பூதி கையிலிருந்த ஆடையைக் கீழே வைத்தாள். “தெரியும் என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லை வீட்டில் எடுக்காதீர்கள்.”

மழை விட்ட ஒரு நாள் பழைய மன்றத் தலைவர் இறந்துபோனார். இருக்கை காலியாயிற்று. அரசன் இருவரையும் அழைத்தான்.

“இந்த இருக்கைக்கு நீங்கள் இருவர்தான் உரியவர்கள்” என்றான் குன்றவேள். “நான் ஒருவரைச் சொன்னால் மற்றவர் என்னை மன்னிக்க மாட்டார். ஆகவே ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுங்கள். இது ஏன் அவருக்குக் கூடாது என்று சொல்லுங்கள். ஆனால் வழக்கப்படி, முதலில் அவராக நின்று, இது ஏன் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒருவர் மட்டும் ‘ஆம்’ பெற்றால் இருக்கை அவருக்கு. இருவரும் பெற்றால் வாதத்தைக் கேட்டு நான் தீர்ப்பேன். மூன்று முறையும் தவறியவர் மன்றத்தை விட்டே போக வேண்டும்.”

கூட்டத்தில் ஒரு குறும்பன், “ஆம் என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒருவர் இல்லை என்று பொய் சொன்னால்?” என்றான்.

“ஒருவன் மனத்துக்கு அவனே சாட்சி” என்றான் அரசன். “நம் மன்றத்தில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.”

வெண்காடன் அன்று வீடு வரும் வழியெல்லாம் அந்தக் குறும்பன் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று தள்ளினான். அது காலைச் சுற்றிய நாய்க்குட்டிபோலத் திரும்பத் திரும்ப வந்தது.

வழக்கு நாளன்று காலையில் பூதி ஒரு புது மேலாடையை எடுத்துக் கொடுத்தாள். கரை முழுசாக இருந்தது. “இன்றைக்காவது இதை முழுசாகக் கொண்டுவாருங்கள்” என்றாள்.

மன்றம் நிரம்பி வழிந்தது. முதல் முறை அழிசிக்கு வந்தது. அவன் வெண்காடனின் புது ஆடையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றான்.

“நான் வெண்காடன்” என்றான். “இந்த மன்றத்துக்குப் படி கட்டியவன் நான். ஒவ்வொரு கல்லாகக் கட்டினேன். கடைசிக் கல்லையும் வைத்து நிமிர்ந்தபோது, கை அழுக்காகாத ஒருவன் என் படியிலேயே ஏறிப் போகிறான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் என் துன்பம். நான் சொன்னது உம்முடையதுதானா?”

அது வெண்காடனுடையதுதான். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. பூதியிடம்கூட அவன் அதை இப்படிச் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

கூட்டத்தில் ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. என் துயரத்தைக்கூட என்னைவிட நன்றாகச் சொல்கிறானே. அதற்கும் இவன்தான் கைதட்டல் வாங்க வேண்டுமா?

“இல்லை” என்றான் வெண்காடன்.

அழிசி அவனைப் பார்த்தான். அரசனும் பார்த்தான்.

“நான் வெண்காடன்” என்று அழிசி மறுபடி தொடங்கினான். “எனக்கு இருக்கை பெரிதில்லை. நான் வீணாக உழைக்கவில்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். இருக்கை அதைச் சொல்லும் என்று நினைக்கிறேன். நான் சொன்னது உம்முடையதுதானா?”

“இல்லை.”

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட எளிதாக வந்தது. அதை வெண்காடனே கவனித்தான்.

அழிசியின் முகம் கறுத்தது. “நான் வெண்காடன்” என்றான் மூன்றாம் முறை. “இவன் எதைச் சொன்னாலும் இல்லை என்றுதான் சொல்வேன். நான் சொன்னது உம்முடையதுதானா?”

மன்றம் கொல்லென்று சிரித்தது. வாயில்காவலன் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெண்காடனுக்குக் காது சிவந்தது. ஆம் என்றால் முன்சொன்ன இரண்டும் பொய். இல்லை என்றால் மூன்றும் பொய்.

“இல்லை” என்றான்.

சிரிப்பு நின்றது. அரசன் அழிசியிடம், “அவர் மனத்துக்கு அவரே சாட்சி. மூன்றிலும் நீர் தவறினீர்” என்றான். பிறகு வெண்காடனைப் பார்த்து, “இப்போது உம்முடைய முறை. தவறினால் உமக்கும் மன்றத்தில் இடமில்லை” என்றான்.

அழிசி தன் மேலாடையை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு கணம் தயங்கினான். வெண்காடன் அதைக் கவனித்தான். இவன் ஏன் ஆம் சொல்லப் போகிறான்? நான் செய்ததையே இவனும் செய்தால் போதும். இருவரும் ஒரே வாசல் வழியாக வெளியே போவோம்.

“நான் அழிசி” என்று அவன் தொடங்கினான். “விடியுமுன் எழுவேன். கிழக்குத் துறையில் குளிப்பேன். அரசன் எந்த நிறத்தை விரும்புகிறானோ அந்த நிறத்தில் உடுத்துவேன். இருக்கை கிடைத்தால் என் ஊரார் என்னை மெச்சுவார்கள். நான் சொன்னது உம்முடையதுதானா?”

“நான் கிழக்குத் துறையில் குளிப்பது உண்மை. மற்றது இல்லை” என்றான் அழிசி. இங்கும் அங்கும் சிலர் சிரித்தார்கள்.

“நான் அழிசி. நான் கெட்டிக்காரன். கெட்டிக்காரனுக்குத் தலைமை வேண்டும். ஆறு கடலுக்குப் போவதுபோல நான் இருக்கைக்குப் போகிறேன். நான் சொன்னது உம்முடையதுதானா?”

“இல்லை.”

இனி ஒரு முறைதான். வெண்காடனிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. இத்தனை வருடம் இவனை விடாமல் பார்த்தேனே, சொல்வதற்கு ஒன்றுமில்லையே என்று திகைத்தான். குளிக்கும் துறை தெரியும், கவளம் தெரியும். இவன் எதற்காக அழுவான் என்று தெரியாது.

திகைப்பில் அவன் விரல் தன் பழக்கப்படி தோளிலிருந்த ஆடையின் கரைக்குப் போயிற்று. உள்பக்கம் மடித்திருந்த கரையைத் தேடிப் பிடித்தது. இழுக்க ஒரு நூலைத் தேடியது.

நூல் இல்லை.

கரை முழுவதும் பிய்ந்திருந்தது. இங்கே ஒரு நூல், அங்கே இரண்டு நூல், ஓர் இடத்தில் ஒரு கொத்து போயிருந்தது. தைத்து, மறுபடி பிய்த்து, மறுபடி தைத்த கரை. வெண்காடன் அதை வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கரையை அவன் விரல்கள் நன்றாக அறியும்.

அவன் நிமிர்ந்தான்.

“நான் அழிசி” என்றான். “இந்த ஊரில் எந்தக் குளம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவர் எழுந்தால் ஊர் ‘நம்ம வெண்காடன்’ என்கிறது. நான் எழுந்தால் ‘கடற்கரைக்காரன்’ என்கிறது. என் பேச்சை மெச்சுகிறார்கள், கேட்டுவிட்டு அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். அவர் பேசும்போது நான் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பேன். என் கை மட்டும் சும்மா இருக்காது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மறைத்துக்கொள்வேன். இந்த இருக்கை கிடைத்தால் அந்தக் கை ஓயும் என்று நினைக்கிறேன்.”

அவன் மூச்சு வாங்கினான். “நான் சொன்னது உம்முடையதுதானா?”

இதுதான் அந்த இடம். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். தன்னிடம் மூன்று முறை பொய் சொன்னவனைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகலாம். கேட்க ஆளில்லை. ஆம் என்றால், இத்தனை பேர் நடுவில் தன் பொறாமையை ஒத்துக்கொள்ள வேண்டும். இருக்கையும் போகும்.

அழிசி வெண்காடனின் தோளிலிருந்த தன் ஆடையைப் பார்த்தான்.

“ஆம்” என்றான். “என் சொல்.”

அரசன் வெண்காடனைப் பார்த்து, “சொல்லும்” என்றான். இனி அவன் ‘விளங்கிற்று’ என்று சொன்னால் முடிந்தது. இருக்கை அவனுடையது.

வெண்காடன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. மறுபடி திறந்தான்.

“அரசே, முதலில் அவர் என் ஆடையைப் போட்டுக்கொண்டு சொன்னாரே, அதற்கு ஆம். இரண்டாவதற்கும் ஆம். மூன்றாவது…” அவன் முகம் சுருங்கியது. “அது மிகவும் ஆம்.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

குன்றவேள் சொன்னான்: “அழிசி முதல் முறையிலேயே பெற்றுவிட்டார். வெண்காடனுக்கு மூன்று முறை தேவைப்பட்டது. வாதம் வேண்டியதில்லை, இருக்கை அழிசிக்கு. வெண்காடன் மன்றத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் மனத்துக்குப் பொய்ச்சாட்சி சொன்னவர் இனி இந்த மன்றத்தில் ‘விளங்கிற்று’ என்று சொல்லக் கூடாது.”

வழக்கறிஞனிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வது, தச்சனிடமிருந்து உளியை எடுத்துக்கொள்வதுபோல. வெண்காடன் தலை குனிந்து ஏற்றுக்கொண்டான். வீட்டுக்குப் போனபிறகுதான் பார்த்தான், தோளில் இருந்தது அழிசியின் ஆடை. பூதி அதன் கரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது யார் வீட்டு எலி?” என்று மட்டும் கேட்டாள்.

அதன்பிறகு வெண்காடன் என்ன செய்தான்? எதிர்த்து வாதாட முடியாது. ஆகவே, சண்டையோடு வருகிறவர்களை மன்றத்து வாசலில் மறித்து, அவர்கள் பக்கத்தை அவர்களுக்கே சொல்லிக் காட்டி, “நான் சொன்னது உம்முடையதுதானா?” என்று கேட்டான். அதற்கு மேல் அவன் சொல்ல எதுவும் இல்லாததால், அந்தக் கேள்வியை மிக நன்றாகக் கேட்கப் பழகினான். பலர் அவனிடம் பேசிவிட்டு, உள்ளே போகாமலேயே வீடு திரும்பினார்கள்.

பொறாமை போயிற்றா என்று கேட்பீர்கள். போகவில்லை. அழிசி அந்த இருக்கையில் உட்காரும்போதெல்லாம் வெண்காடனின் விரல் கரையைத் தேடும். ஆனால் இப்போது அவன் எதிரே பார்ப்பான். வாசலோடு திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தபடி தலைமை இருக்கையில் இருக்கும் அழிசியின் விரலும் மெல்ல ஒரு நூலை இழுத்துக்கொண்டிருக்கும். இருவர் கண்ணும் சந்திக்கும். இருவரும் கையை எடுத்துக்கொள்வார்கள்.

ஒருவரை நாம் புரிந்துகொண்டோமா என்பதைச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை, அவருக்கே உண்டு.

கதை இவ்வளவுதான். அழிசி ஆம் சொன்னான் என்பதை நான் எத்தனையோ முறை பொன்னுரங்கத்தோடு சண்டையிட்டு மறுத்திருக்கிறேன். எந்த மனிதன் அப்படிச் சொல்வான் என்பேன். அவன் ஒவ்வொரு முறையும், “முதலில் என் கதையை நீ ஒருமுறை சொல்லிக் காட்டு, பிறகு மறு” என்பான். எனக்குக் கோபம் வரும், எழுந்து போய்விடுவேன்.

போன மாசியில் அவன் வீட்டுக்குப் போய், அவன் எதிரே உட்கார்ந்து, உங்களுக்குச் சொன்னபடியே முழுவதையும் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. முடித்ததும், மறுக்க வைத்திருந்ததையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு கேட்டேன்:

“பொன்னுரங்கம், நான் சொன்னது உம்முடையதுதானா?”